யானைக்கு மட்டுமா ஆயிரம் பொன்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்து, தோட்டத்திலேயே தலை நரைத்த நாம் அந்த யானையைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாம் எந்த மரத்தின்முன் நிற்கிறோமோ, அந்தப் பால்மரமே அந்த யானை. நின்றால் பால், விழுந்தால் பலகை. பாலின் கணக்கு நமக்குத் தெரியும். பலகையின் கணக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுநடவுக்காகக் காடு அழியும்போதெல்லாம் நம் தோழர்கள் ஒன்று சொல்வார்கள்: “மரமும் போயிற்று, பிழைப்பும் போயிற்று.” பாதி உண்மை, பாதி தவறு. பிழைப்புப் போனது உண்மை. மரம் போகவில்லை, தோழர்களே! அது லாரி ஏறி ஆலைக்குப் போயிருக்கிறது. அங்கே அறுபட்டு, மருந்து குடித்து, சூட்டில் உலர்ந்து, நாற்காலியாகவும் மேசையாகவும் கட்டிலாகவும் உருமாறிக் கப்பல் ஏறுகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் நாம் தொட்டுத் தொட்டு வளர்த்த மரம் இரண்டாவது முறையாகப் பணம் காய்க்கிறது. அந்த இரண்டாவது காய்ப்பில் நமக்கு இடம் உண்டா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

விறகாய்ப் போன காலம்

பால்மரம் இந்த மண்ணுக்கு வந்த கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து விதைகளை லண்டன் கியூ பூந்தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவ்வழியில் வந்த கன்றுகளில் இருபத்திரண்டு 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார். அந்த முறையைக் கைத்திறனாக்கி, ஒரு நாட்டையே வாழவைத்தவர்கள் நம் பாட்டனும் பாட்டியும்.

ஆனால், நூறாண்டுக் காலம் எல்லோர் கண்ணும் பாலின்மேல்தான் இருந்தது. பால் வற்றிய மரத்துக்கு மதிப்பில்லை. வெட்டிச் சாய்த்துக் காட்டிலேயே கொளுத்துவார்கள். மிஞ்சியது விறகு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும், செங்கல் சூளைக்கும், நம் வீட்டு அடுப்புக்கும் அதுவே எரிந்தது. 1960களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா இரும்பாலை, கித்தா மரத்தைச் சுட்ட கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. ஆக, விறகு அல்லது கரி, இதற்கு மேல் அந்த மரத்துக்கு வாழ்வில்லை.

ஏன் அப்படி? மரம் மட்டமானதா? இல்லை. கித்தா மரத்தின் உடம்பில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிப் போட்ட சில நாட்களுக்குள் பூஞ்சணம் ஏறி உள்ளே நீலம் பாரித்துவிடும். துளைவண்டு புகுந்து உள்ளுக்குள்ளேயே தின்று, மாவு மாவாய்க் கொட்டும். விறகுக் கட்டின் அடியில் மஞ்சள் தூள் குவிந்து கிடப்பதை நாம் பார்க்காததா? அந்த மரத்தில் கட்டில் செய்தால் ஆறு மாதத்தில் கட்டில் இருக்காது; வண்டுதான் இருக்கும்.

நோய் தெரிந்தபின் மருந்தும் கிடைத்தது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் முதலிய இடங்களில் அறிவியலார் ஆண்டுக்கணக்காக உழைத்தார்கள். மரத்தை உடனே அறுத்து, உடனே மருந்தேற்றி, உடனே உலர்த்தினால் அது தேக்குக்குப் பக்கத்தில் நிற்கத்தக்க மரம் என்று மெய்ப்பித்தார்கள். 1980களில் அது பெருந்தொழிலாகத் தலையெடுத்தது. மலேசியா ஏற்றுமதி செய்யும் மரச்சாமான்களில் நூற்றுக்கு எண்பது பங்கு அளவுக்குக் கித்தா மரத்தில் ஆனவை என்பது தொழில்வட்டாரக் கணக்கு. நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஜொகூர் மாநிலத்து மூவாரிலிருந்து போகிறது. அமெரிக்காவில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை, நம் பத்தாம் நம்பர்க் காட்டில் நாம் வெட்டிய மரமாக இருக்கலாம்!

ஆலைக்குள் நடப்பது

அண்மையில் நாம் ஒரு பலகை ஆலைக்குப் போயிருந்தோம். கூட வந்தவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் பால்வெட்டிய ஒரு பெரியவர். கண்டதை இங்கே முறையாகச் சொல்கிறோம். தெரிந்துகொண்டால்தான் கேட்க முடியும்.

காட்டில் சாய்த்த மரத்தை ஏறக்குறைய ஆறடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள். பருத்த துண்டு பலகைக்கு; சிறுத்த துண்டும் கிளையும் துருவி ஒட்டும் பலகைக்கு, அல்லது கொதிகலனுக்கு. நறுக்கிய துண்டு இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆலை சேரவேண்டும். நாம் வெட்டிய பால் மதியத்துக்குள் கொட்டகை சேராவிட்டால் உறைந்துபோகும் அல்லவா? அதே அவசரம்தான். பாலுக்கு மணிக்கணக்கு, மரத்துக்கு நாள்கணக்கு.

ஆலையில் பட்டை ரம்பம் சுழல்கிறது. செத்த மரத்திலும் பால் இருக்கிறது, தோழர்களே! ரம்பத்தின் பல்லில் அது பிசினாய் ஒட்டிக்கொள்கிறது. அடிக்கடி நிறுத்திச் சுரண்டுகிறார்கள். பல்லுக்குக் கெட்டியான உலோகம் வைக்கிறார்கள். உருண்டை மரம் நூறு கன அடி உள்ளே போனால் நாற்பது கன அடி பலகை தேறுவதே நல்ல கணக்கு. மற்றதெல்லாம் சிராயும் தூளும். அதுவும் வீணில்லை, கொதிகலனில் எரிந்து, பலகையை உலர்த்தும் நீராவியைத் தருகிறது.

அறுத்த பலகையை இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவை இறுக்குகிறார்கள். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். மரத்தின் நாளங்கள் வெறுமையாகின்றன. பிறகு போரிக் உப்புகள் கரைந்த நீரை உள்ளே விட்டு அழுத்தம் கொடுக்கிறார்கள். மருந்து மரத்தின் நடுவரைக்கும் போய்ச் சேர்கிறது. இனி வண்டு வாய் வைக்காது. ஆனால், இந்த மருந்து நீரில் கரைவது. ஆகவேதான் கித்தா மரச் சாமானை மழையில் போடக்கூடாது என்கிறார்கள்.

அடுத்தது சூட்டறை. பலகைகளுக்கு இடையே காற்றோடச் சட்டம் வைத்து, வரிசையாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றுகிறார்கள். பாரம் இல்லாவிட்டால் கித்தாப் பலகை முறுக்கிக்கொள்ளும். அது அதன் பிறவிக்குணம். ஒரு வாரம், பத்து நாள், தடித்த பலகையானால் அதற்கும் மேல், நீராவிச் சூடும் காற்றாடியும் ஓடுகின்றன. நூற்றுக்கு அறுபது பங்கு அளவுக்கு இருந்த ஈரம் பத்துப் பங்குக்கு இறங்குகிறது. அவசரப்பட்டால் வெடிக்கும்; தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும். சூட்டறைக்காரன் கையில்தான் ஆலையின் லாபம் இருக்கிறது.

பிறகு தரம் பிரிப்பு. கணு, கறை, வெடிப்பு உள்ள இடங்களை வெட்டி நீக்குகிறார்கள். மிஞ்சிய சிறு துண்டுகளின் முனையை இரு கை விரல்கள் கோத்ததுபோல் பல்வெட்டி, பசை பூசி, நீளமாகச் சேர்க்கிறார்கள். நீளத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி அகலப் பலகை ஆக்குகிறார்கள். கடைந்து, இழைத்து, தேய்த்து, மெருகிட்டால் நாற்காலி. வெளிறிய மஞ்சள் நிறம், நேர்த்தியான வரி, எந்தச் சாயமும் ஏற்கும் உடம்பு. உலகம் விரும்பி வாங்குவதில் வியப்பில்லை.

பெரியவர் காட்டிய பலகை

தரம் பிரிக்கும் இடத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பலகையைப் பெரியவர் கையில் எடுத்தார். விரலால் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் வரி சுழித்துக் கறுத்திருந்தது. “இது காயம்பட்ட மரம். எவனோ அவசரத்தில் கத்தியை ஆழப் போட்டிருக்கிறான்” என்றார். ஆலைக்காரர் வியந்து நின்றார். அந்தச் சுழியால்தான் அந்தப் பலகை கழிவுக்குப் போகிறது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

தோழர்களே, நாம் சொல்லவந்த செய்தி முழுவதும் அந்தச் சுழியில் இருக்கிறது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை போன்ற உயிர்த்தோல் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொட்டால் காயம். தொடாமல் அதன் அருகே போனால் பால். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம், அறுநூறு மரம். அரையிருட்டில், கொசுக்கடியில், அட்டைக்கடியில், அந்த மயிரிழையைத் தொடாமல் வெட்டுவது நம் கை. இருபத்தைந்து ஆண்டுகள் காயம்படாமல் காத்த மரம்தான் நல்ல பலகை ஆகிறது. காயத்துக்குக் காயம் முடிச்சாகிப்போன மரம் அடுப்புக்குப் போகிறது. ஆகவே பலகையைச் செய்பவன் ஆலைக்காரன் மட்டும் அல்லன். முதல் தச்சன் பால்வெட்டுக்காரன்!

“மரம் நிருவாகத்தின் சொத்து, நீ வெட்டிய பாலுக்குக் கூலி வாங்கினாய், கணக்குத் தீர்ந்தது” என்று சொல்வோர் உண்டு. நாம் அமைதியாகவே பதில் கூறுவோம். நம் கூலி பாலின் நிறையைக் கொண்டும் விலையைக் கொண்டும் கணக்கிடப்பட்டது. மரத்தைக் காயமின்றிக் காத்ததற்கு எந்தச் சம்பளச் சீட்டிலும் ஒரு பத்தி இல்லை. காயம் பட்டபோது மட்டும் மண்டோரின் ஏச்சு இருந்தது. குற்றத்தில் நம் பங்கை எழுதத் தெரிந்தவர்களுக்குப் பயனில் நம் பங்கை எழுத மை இல்லையா?

இன்னொன்றும் உண்டு. பாலுக்காக மட்டும் மரம் வளர்த்த காலமும் மாறிவிட்டது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 2000 வரிசை என்று வெளியிட்ட ரகங்கள் பாலும் பலகையும் ஒருங்கே தருவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. கன்று நடும் நாளிலேயே பலகையின் வருமானத்தைத் திட்டத்தில் சேர்க்கிறார்கள் என்றால், அந்தத் திட்டத்தில் உழைப்பாளியையும் சேர்ப்பதே நியாயம்.

நாம் கேட்டோமா?

ஆலைகளுக்குப் பலகை போதவில்லை என்று மரச்சாமான் உற்பத்தியாளர்கள் குரல் எழுப்பினார்கள். 2017 ஜூலை முதல், அறுத்த கித்தாப் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் தடை விதித்தது. அவர்கள் கேட்டதில் நாம் குற்றம் காணவில்லை. தங்கள் தொழிலுக்கு வேண்டியதை ஒன்றுகூடிக் கேட்டார்கள், பெற்றார்கள். நாம் கேட்டோமா? பாலின் விலை ஒரு காசு இறங்கினால் பதறுகிற நாம், பலகையின் விலையை ஒருநாளாவது விசாரித்தோமா? பிழை நம்மிடமும் இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளும் நேரம் இது. ஆகவே நான்கு செய்திகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, காடு அழியும் முன் சொல்ல வேண்டும். எந்தக் காடு எப்போது விழும் என்பது நிருவாகத்துக்கு முன்கூட்டியே தெரியும். மருந்து தடவி, ஏணி வைத்து, உயரப் பட்டையிலும் கடைசி வெட்டு வெட்டச் சொல்லும்போதே நமக்கும் புரிகிறது. ஆனால் எழுத்தில் வருவதில்லை. மரத்தை வாங்குபவனோடு ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அந்தக் காட்டுத் தொழிலாளிக்கும் அறிவிப்பு எழுதுக! மரம் விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதி, அந்தக் காட்டில் வேலை இழப்போரின் மறுவாழ்வுக்கு ஒதுக்கப்படுக! கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இடம்பெறத்தக்க கோரிக்கை இது. தீபகற்பத்தில் 1980ஆம் ஆண்டு ஆள்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. இது சட்டம் தந்த அடித்தளம்; கூரை அல்ல.

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு சொல். வேலையில் சேர்ந்த தேதி ஓராண்டு பிசகினால் ஒரு குடும்பத்துக்கு இருபது நாள் சம்பளம் போய்விடும். உங்கள் பேனா முனையில் அவர்கள் வீட்டு அடுப்பு இருக்கிறது. பழைய பதிவேடுகளைக் கறையானுக்குக் கொடுக்காதீர்கள். கேட்டு வரும் தொழிலாளிக்குப் பொறுமையாய்ப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும். ரம்பம் தீட்டுவோர், சூட்டறை நடத்துவோர், தரம் பிரிப்போர், இயந்திரம் ஓட்டுவோர் அனைவரும் திறன்பெற்ற தொழிலாளிகள். சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கில், மரத்தொழில் வாரியத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. சுற்றிலும் நம்மவர் வாழும் ஊர்கள். அந்த வாசலை மிதித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்? மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் படித்தும் பெறலாம். செய்த வேலையின் அனுபவத்தைச் சான்றாகக் காட்டியும் பெறலாம். பத்தாண்டு ஆலையில் உழைத்தும் ‘பொதுத் தொழிலாளி’ என்ற பெயரோடே கிடக்கும் நம் இளைஞர்கள் இதை விசாரிக்க வேண்டும். கையில் சான்றிதழ் இல்லாத திறமை, முத்திரை இல்லாத கடிதம் போல. போய்ச் சேருமிடத்தில் மதிப்பு இராது.

மூன்றாவது, ஆலையில் உயிருக்கும் உடம்புக்கும் காப்பு வேண்டும். நாம் கண்ட ஆலையில் ரம்பத்தின் மூடியைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். வேலை வேகமாக நடக்குமாம்! தேய்ப்பு இயந்திரத்தருகே நின்ற பையன் முகத்தில் ஒரு கைக்குட்டை. மரத்தூள் வெறும் அழுக்கு அன்று. அது மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே அறிவித்திருக்கிறது. பலகை ஒட்டும் சிலவகைப் பசைகளிலிருந்து எழும் ஆவியும் அப்படிப்பட்டதே. தூளை உறிஞ்சும் குழாயும், தக்க முகமூடியும், காதடைப்பும் முதலாளி தரும் தருமம் அல்ல. 1994ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால் அவ்விடத்தைவிட்டு விலகலாம். விரல் போனபின் வரும் நட்டஈடு விரலாகாது.

அந்த ஆலைகளில் இன்று நேப்பாளத்தாரும் வங்காளதேசத்தாரும் பெருந்தொகையாய் உழைக்கிறார்கள். அவர்களால்தான் நமக்கு வேலை இல்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். தோழர்களே, நம் பாட்டனும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவன்தான். அவனையும் அன்று ‘மலிவுக் கூலி’ என்றுதான் கொண்டுவந்தார்கள். மலிவாக உழைப்பவனைப் பகைப்பதால் நம் கூலி உயராது. அவனும் நாமும் ஒரே கூலி கேட்கும்போதுதான் உயரும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ காப்பு உண்டு. அது அவனுக்குத் தெரியாவிட்டால் சொல்வது நம் கடமை.

நான்காவது, சிறுதோட்டம் வைத்திருக்கும் நம்மவர் விழித்துக்கொள்ள வேண்டும். இன்று நாட்டின் ரப்பர் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர் கையில்தான் இருக்கிறது. பெருந்தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. மறுநடவு வந்ததும் ஒரு குத்தகைக்காரர் வருகிறார். “காட்டைச் சுத்தம் செய்து தருகிறேன், ஏக்கருக்கு இவ்வளவு” என்கிறார். இவரும் தலையாட்டிவிடுகிறார். பருமன் எவ்வளவு, பலகைக்கு ஆகும் மரம் எத்தனை, விறகுக்கு ஆவது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டிப்பாலை நிறுக்கும்போது தராசின் முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கும் நாம், காட்டையே விற்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வதா? அக்கம்பக்கத்தார் நாலு பேர் சேர்ந்து, மரத்தை எண்ணி, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, பிறகு விற்பதே அறிவுடைமை.

முடிவாக ஒன்று. மூவாரில் இழைத்த நாற்காலியில் உலகத்தின் எந்த மூலையில் யார் அமர்ந்தாலும், அந்த நாற்காலியின் காலில் நம் கத்தி தொடாமல் விட்ட மயிரிழை இருக்கிறது. அமர்பவருக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் உழைப்பின் விலை தெரியாதவன் கேட்கமாட்டான், கேட்காதவனுக்குக் கிடைக்காது.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: “நம் தோட்டத்தில் அடுத்து விழப்போகும் காடு எது? அதன் மரம் எங்கே போகிறது? அந்தக் காட்டு ஆட்கள் எங்கே போகிறார்கள்?” கேள்வியையும் கிடைக்கும் பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். யானைக்கு மட்டும் ஆயிரம் பொன் இருந்தால் போதாது. பாகனுக்கும் கஞ்சி வேண்டும்.